தோற்ற தலைவரை எடை போடும் முன்: செய்தி ஆசிரியர்களுக்கும் கருத்துக்கணிப்பு நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

தேர்தல் முடிவு வந்த சூடு ஆறும் முன்பே, "தோற்ற தலைவரைச் சொந்தக் கட்சி வாக்காளர்களே கைவிட்டார்களா?" என்று ஒரு வட்டப்படம் திரையில் ஏறிவிடுகிறது. அதற்கான படிவங்களைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவர்கள் நாங்கள். அந்தச் சதவீதம் எப்படிப் பிறக்கிறது என்பது தெரிந்தே இதை எழுதுகிறோம்.

முதல் கோளாறு கணக்கில். மாநிலம் முழுக்க 1,200 பேரைக் கேட்கிறீர்கள். தோற்ற கட்சி 20 சதவீதம் வாங்கியிருந்தால், அதில் 240 பேர்தான் அந்தக் கட்சியின் வாக்காளர்கள். 1,200 பேருக்குப் பிழை வரம்பு, அதாவது கணிப்பு உண்மையிலிருந்து மேலோ கீழோ விலகக்கூடிய அளவு, 3 சதவீதத்துக்குள் நிற்கும்; 240 பேருக்கு அது 6-ஐத் தாண்டும். ஆனால் திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் போடுவது என்னவோ அந்த 3-ஐத்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தோற்ற பக்கத்துக்கு ஓட்டுப் போட்டதை எல்லோரும் சொல்லமாட்டார்கள். "ஜெயிச்சவங்களுக்குத்தான் போட்டோம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். ஒரு பேச்சுக்கு, அந்த 240 பேரில் 90 பேர் மறைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள 150 பேரில் 120 பேர் "அவரே தலைவராக இருக்கட்டும்" என்றால் 80 சதவீதம். மறைத்த 90 பேரில் 36 பேர் மட்டுமே அப்படி நினைத்தால், உண்மையான அளவு 65. தலைவர் அசைக்க முடியாதவர் என்று தலைப்புப் போட்டிருப்பீர்கள்; மூன்றில் ஒருவர் மனம் மாறியது படிவத்துக்குள் வரவே இல்லை.

இதற்கு மருந்து ஓரளவு உண்டு. போன தேர்தலில் போட்ட ஓட்டை வாயால் கேட்காதீர்கள். டெல்லி சி.எஸ்.டி.எஸ். நிறுவனத்தின் லோக்நிதி தேர்தல் ஆய்வுகளில் செய்வதுபோல, சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, குறியிட்டு, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். சீட்டிலும் படிவத்திலும் ஒரே வரிசை எண் இருந்தால்தான் பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியும். டீக்கடை வாசலில், கிளைச் செயலாளர் பக்கத்தில் நிற்கும்போது நிரப்பிய படிவம் குப்பைக்குத்தான் லாயக்கு. கட்சி வாக்காளர் மட்டும் 600 பேராவது கிடைக்கும்வரை கேட்கும் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அப்போதுதான் பிழை 4-க்கு இறங்கும். எந்த வாக்குச்சாவடிக்குப் போவது என்பதைப் வாக்குச்சாவடி வாரியாக வாக்குகளைக் காட்டும் தேர்தல் ஆணையப் படிவம் 20-ஐப் பார்த்து முடிவு செய்யுங்கள். கட்சி நன்றாக வாங்கியது, சுமாராக வாங்கியது, துடைத்தெறியப்பட்டது என்று மூன்று வகையும் வேண்டும். கோட்டையாக இருக்கும் ஊருக்கே ஆளனுப்பினால் கோஷம்தான் கிடைக்கும். வாக்காளர் பட்டியலில் வந்த பெயருக்குரிய வீடு பூட்டியிருந்தால் சாயங்காலம் மறுபடி போகவேண்டுமே தவிர, பக்கத்து வீட்டைத் தட்டக்கூடாது. கூலிக்குப் போகிறவர்கள் பகலில் அகப்படமாட்டார்கள்.

அடுத்தது கேள்வி. "அவரை ஆதரிக்கிறீர்களா?" என்ற ஒற்றைக் கேள்வியில் நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: அவரைப் பிடிக்குமா, கட்சிக்கு அவரே தலைவராக இருக்கவேண்டுமா, அவர் மறுபடி முதல்வர் வேட்பாளராகலாமா, அவர் இல்லாவிட்டாலும் இதே சின்னத்துக்குப் போடுவீர்களா. தனித்தனியாகக் கேட்டால் முதல் கேள்விக்கு ஆமாம் என்றவரே மூன்றாவதில் தலையைச் சொறிவார். படிவத்தில் ஒரு தலைவரை அடைமொழியோடும் இன்னொருவரை வெறும் பெயரோடும் அச்சிடுவதும் பதிலைச் சாய்க்கும். "எல்லாரும் நல்லவங்கதான் தம்பி" என்பதை ஆதரவுக் கட்டத்தில் டிக் அடிக்காதீர்கள். அது பதில் சொல்ல மறுப்பது. அதற்கென்று தனிக் கட்டம் போடுங்கள்.

நான்காவது கேள்வி ஏன் முக்கியம்? 1996 சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா பர்கூரிலேயே தோற்றார், அ.தி.மு.க.வுக்கு 4 இடம். ஆனாலும் கட்சி 21 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. 1998 மக்களவைத் தேர்தலில் அவருடைய கூட்டணி 39-இல் 30-ஐப் பிடித்தது. அந்த 21 அவருக்கா, இரட்டை இலைக்கா? 1996 முடிவை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. 1989-ஐப் பார்த்தால் கொஞ்சம் தெளியும். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு கட்சி பிளந்து, இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டு, சேவலில் நின்ற ஜெயலலிதா அணி 21 சதவீதமும், இரட்டைப் புறாவில் நின்ற ஜானகி அணி 9 சதவீதமும் வாங்கின. தலைவரையும் சின்னத்தையும் பிரித்துப் பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு அபூர்வமாகத்தான் வரும். மற்ற நேரத்தில் கேள்வியால்தான் பிரிக்கவேண்டும்.

தொகுதித் தோல்வியை வைத்து மாநிலத் தீர்ப்பு எழுதுவதும் வேண்டாம். 1967-இல் விருதுநகரில் காமராஜர் 1,285 வாக்கில் தோற்றார். அதே தேர்தலில் காங்கிரஸ் மாநில அளவில் 41 சதவீதம் வாங்கியிருந்தது, தி.மு.க.வைவிட இம்மியளவு கூடுதலாகவே. 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் அவர் மக்களவைக்குப் போய்விட்டார்.

அடுத்த முறை வட்டப்படம் போடும்போது மூன்று எண்களை அதன் கீழேயே அச்சிடுங்கள்: கட்சி வாக்காளர் என்று எண்ணியது எத்தனை பேரை, கட்சி உண்மையில் வாங்கிய சதவீதம் எவ்வளவு, நீங்கள் கேட்டவர்களில் அந்தக் கட்சிக்குப் போட்டதாகச் சொன்னவர்கள் எத்தனை சதவீதம். பின்னிரண்டுக்கும் இடையே 5 புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால் படத்தை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
களப்பணி மேற்பார்வையாளர்கள் சிலர்