கதிரின் கை பற்றி

அன்புள்ள சேகர்,

அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்து நிம்மதியடைந்தேன். கதிர் பதினைந்து வயதிலேயே பேஸ்பாலில் மணிக்கு 80 மைல் வேகத்தில் பந்து எறிகிறான் என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் குளிர்காலத்தில் எடை கூடிய பந்துகளோடு ஆறு வாரப் பயிற்சிக்கு அவனை அனுப்பப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை.

அதே போன்ற ஆறு வாரப் பயிற்சியை வளரிளம் பிட்சர்களிடம், அதாவது பந்து எறிபவர்களிடம், ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். வேகம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடியது. கதிரின் கணக்கில் இரண்டரை மைல். பயிற்சி பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் காயமடைந்தார். எடை கூடிய பந்துகளை எறியாத மற்ற குழுவில் ஒருவருக்கும் காயமில்லை.

கை வலுவானால் காயம் வராது என்கிறாய். தசைதான் சீக்கிரம் வலுவாகும். தசைநார் அவ்வளவு விரைவில் ஈடுகொடுக்காது. எறியும் கை பின்னால் முழுவதும் வளைந்து முன்னே திரும்பும் கணத்தில், தேர்ந்த பிட்சரின் முழங்கை 60 நியூட்டன் மீட்டருக்கும் மேலான திருகு விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. இறந்தவர்களின் முழங்கைகளில் சோதித்தபோது, உட்பக்கத் தசைநார் ஏறக்குறைய அதில் பாதியிலேயே அறுந்தது. மீதியைச் சுமப்பவற்றில் முக்கியமானவை முன்கைத் தசைகள். அவை களைத்த பிறகும் எறிந்தால் சுமை எங்கே போகும்? அலபாமாவில் செய்து 2006-இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது: கை களைத்த நிலையிலும் அடிக்கடி எறிந்தவர்கள் அறுவை வரை போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 36 மடங்கு. ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் எறிந்தவர்களுக்கு ஐந்து மடங்கு. வேகத்தைவிட எனக்கு இந்த 36-தான் பயம் தருகிறது.

"அறுந்தால் டாமி ஜான் அறுவை இருக்கிறதே" என்று எழுதியதை மட்டும் தயவுசெய்து அவன் காதில் போடாதே. 1974-இல் பிட்சர் டாமி ஜானின் முழங்கையில் அறுந்த தசைநாருக்குப் பதில் வேறொன்றைப் பொருத்தி டாக்டர் ஃபிராங்க் ஜோப் செய்த அந்த அறுவைக்குப் பிறகு ஜான் 164 ஆட்டங்களை வென்றார், உண்மை. ஆனால் ஜப்பானிய நட்சத்திர வீரர் ஓடானிக்கே 2018-இலும் 2023-இலும் என்று முழங்கையில் இருமுறை கத்தி வைக்க வேண்டியதாயிற்று. அறுவைக்குப் பின் எறியத் திரும்பவே ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். பதினைந்து வயதில் அது எவ்வளவு பெரிய காலம்!

அவன் வயதுக்கு ஒரு நாளில் 95 எறிகளே உச்சவரம்பு. பள்ளி அணி, கிளப் அணி இரண்டையும் சேர்த்து நீயே எண்ணி வா. இந்தக் குளிர்காலத்தில் அவன் பந்தையே தொட வேண்டாம். கால், இடுப்பு, தோள்பட்டைப் பயிற்சி போதும். பயிற்சியாளர் என்ன சொல்கிறார் என்று எழுது. முடிந்தால் கதிரையே எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்.

அன்புடன்,
ரவி