பொம்மையை நகர்த்தாமல் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடைந்து ஒதுங்கிக் கிடக்கும் விளையாட்டுச் சாமான்களின் படங்களுக்குத் தங்கள் ஞாயிறு இணைப்பு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியது மனதுக்கு நிறைவாக இருந்தது. போகி நெருங்குகிறது. சேலத்து வீடுகளில் பரண் காலியாகும் நாட்கள் இவை. இதே மாதிரிப் படங்கள் இனித் தங்களுக்கு நிறைய வரும். எடுக்கப்போகிறவர்களுக்கும், அவற்றிலிருந்து பொறுக்கி எடுக்கப்போகிற தங்களுக்கும் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

இந்தப் படங்கள் மனதை ஏன் இழுக்கின்றன? ஒரே பொருளின் மேல் இரண்டு வகைத் தேய்மானம் இருக்கிறது. குழந்தை கையாண்டு வந்தது ஒன்று: மரப்பாச்சியின் தலையில் பால்பல் பதிந்த தடம், நடைவண்டிக் கைப்பிடியில் இரண்டு இடம் மட்டும் வழவழப்பானது, சொப்புச் சட்டியின் விளிம்பில் அரக்குச் சாயம் போனது. யாரும் தொடாமல் விட்ட பிறகு மழையும் துருவும் கரையானும் செய்தது இன்னொன்று. முதல் வகை கண்ணில் பட்டால்தான் இரண்டாவது வலிக்கிறது. தங்களுக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் சேறும் ஒட்டடையும்தான் தெரியும். குழந்தையின் கை தெரியாது. அவை பரிதாபமாக இருக்கும், ஆனால் மனதில் நிற்காது.

இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், 1951இல் வாசித்து 1953இல் அச்சான கட்டுரையில் இந்தப் பற்றுதலை விளக்கியிருக்கிறார். கைக்குழந்தை விடாமல் பற்றிக்கொள்ளும் துணியையோ பொம்மையையோ தாய் துவைக்கக்கூடத் தயங்குகிறாள்; வாசனை மாறினால் குழந்தைக்கு அது வேறு பொருளாகிவிடும். பின்னாளில் குழந்தை அதை மறப்பதும் இல்லை, அதற்காக அழுவதும் இல்லை. மெல்ல விட்டுவிடுகிறது என்கிறார். குழந்தை அழாமல் விட்டுப்போன பொருளைப் பார்த்துப் பல ஆண்டு கழித்துப் பெரியவர்களுக்குத் தொண்டை அடைக்கிறது. இந்தப் படங்களின் வலு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறோம்.

இனி வெளிச்சம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டின் பனிமூட்டம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவில் ஒளி தரும். பளபளக்கும் பிளாஸ்டிக்குக்கும் அச்சுப் பதித்த தகரப் பொம்மைக்கும் அது மிக நல்லது. ஆனால் பனி நிறைந்த காட்சியைக் கேமரா 'வெளிச்சம் அதிகம்' என்று கணக்கிட்டுச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +2/3 முதல் +1 வரை ஏற்ற வேண்டும். மரப்பாச்சிக்கு இது நேர்மாறு. கருஞ்சிவப்பு மரம் சட்டத்தை நிறைத்தால் கேமரா அதை வெளுக்க வைக்கும், பல் தடங்கள் மறையும். −2/3 அல்லது −1க்கு இறக்குங்கள். சமமான ஒளியில் பள்ளமும் கீறலும் எடுபடாது என்பதால், பொம்மையின் ஒரு பக்கம் ஒரு சாண் தள்ளிக் கறுப்புத் துணியோ கறுப்புச் சார்ட் அட்டையோ பிடியுங்கள். அந்தப் பக்கம் இருண்டு, தடங்கள் எழுந்து நிற்கும். சேலத்து வீட்டுத் திண்ணை என்றால் காலை ஏழிலிருந்து எட்டரை வரை சாய்வாக விழும் வெயிலே போதும். நிழல் பக்கம் மிகவும் கறுத்தால் ஒரு துண்டு வெள்ளைத் தெர்மாகோல் வைத்து ஒளியைத் திருப்பலாம். கேமராவின் ஃபிளாஷ் நேரே அடித்துத் தடங்களைத் தட்டையாக்கும், அணைத்துவிடுங்கள்.

கேமராவைப் பொம்மையின் கண் மட்டத்துக்கு இறக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் குப்பைதான் தெரியும். ஏபிஎஸ்-சி கேமராவில் (நடுத்தர அளவு சென்சார் கொண்டது) 50 மி.மீ. லென்ஸ், 60 செ.மீ. தூரம், லென்ஸ் திறப்பு எஃப் 2.8 என்றால் கூர்மை கிடைக்கும் ஆழம் ஒன்றரை செ.மீ. அளவுதான்: மூக்கு தெளிவாக இருக்கும், காது கலங்கும். திறப்பைச் சுருக்கி எஃப் 8 வைத்தால் சுமார் நாலரை செ.மீ. கிடைக்கும், ஒரு முகத்துக்கு அது போதும். ஆனால் ஒளி குறைவதால், பரணிலும் திண்ணை மூலையிலும் அப்போது ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அரை வினாடி வரை போகும். ட்ரைபாடும் இரண்டு வினாடி டைமரும் இல்லாமல் ஆகாது.

செல்போனில் எடுப்பவர்கள்தான் அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். அழகூட்டும் 'பியூட்டி' வசதி பொம்மை முகத்தையும் மனித முகமாக எடுத்துக்கொண்டு, வெடிப்புகளை வழித்து மெழுகிவிடும். போர்ட்ரெய்ட் முறை பொம்மையின் அறுந்த முடிகளையும், சக்கரம் கழன்ற அச்சுக் கம்பியையும் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கும். நம் கண் போய் நிற்கும் இடமே அந்தக் கம்பிதான். இரண்டையும் நிறுத்துங்கள். மிக நெருங்கினால் பல போன்கள் தாமாகவே அகன்ற கோண லென்ஸுக்கு மாறும். முகம் உப்பும், போனின் நிழலும் விழும். ஓரடி பின்வாங்கி 2x வைத்தால் சரியாகும். இன்னொன்று நிறம். பழைய பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளிக்கும். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அந்த மஞ்சளை 'திருத்தி' புதுப் பொம்மையாக்கிவிடுகிறது. அதே வெளிச்சத்தில் வெள்ளைத் தாளை வைத்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதை வைத்து நிறத்தைச் சரிசெய்யுங்கள்.

தகரப் பொம்மையின் வார்னிஷ் மினுக்கத்தை லென்ஸ் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி குறைக்கும், சாயம் போய் வெறும் உலோகம் தெரியும் இடத்தில் அது உதவாது. பனியில் நுண்துளிகள் லென்ஸில் படியும், லென்ஸைச் சுற்றி மறைக்கும் ஹூட் மாட்டி அடிக்கடி துடைக்க வேண்டும். மலையில் குளிர்ந்த கேமராவைச் சேலத்துப் புழுக்கத்தில் உடனே வெளியே எடுத்தால் கண்ணாடி வேர்க்கும். அரைமணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

தொடுவதற்கு முன் சில எச்சரிக்கைகள். கண் மூடித் திறக்கும் பொம்மைகளில் கண்ணுக்குப் பின்னால் சிறு எடை இருக்கும். அச்சு துருப்பிடித்தால் ஒரு கண் பாதி மூடியபடி நின்றுவிடும். அதைத் தள்ளித் திறக்காதீர்கள், உடைந்துவிடும். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் பொம்மை பிசுபிசுப்பது ஈரத்தால் அல்ல. உள்ளே சேர்த்த இளக்கி வேதிப்பொருள் வெளியே கசிகிறது. அதில் ஒட்டிய தூசியைத் துடைத்தால் சாயமும் வரும். பேட்டரி அறையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கையுறை இல்லாமல் திறக்கக் கூடாது. செல்லுலாய்டு என்ற பழங்கால பிளாஸ்டிக்கால் ஆன பொம்மையில் கற்பூர வாசனை அடிக்கும். அது மிக எளிதில் தீப்பற்றும் பொருள், சூடான விளக்கை அருகில் வைக்காதீர்கள். மூலையில் கிடப்பதன் அருகே போகும் முன் பக்கத்துத் தரையைக் குச்சியால் தட்டிப் பாருங்கள், அடியில் தேள் இருக்கலாம்.

எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது, பொம்மையை நகர்த்தக் கூடாது என்பது. 1986 ஏப்ரலில் செர்னோபில் அணுமின் நிலைய விபத்துக்குப் பின் காலி செய்யப்பட்ட பிரிப்யாத் நகரத்தின் மழலையர் பள்ளிப் படங்களை உலகமே பார்த்திருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்த பொம்மை, அதன் முகத்தில் வாயு முகமூடி. இவற்றில் பல, பார்க்க வந்தவர்கள் அடுக்கி வைத்தவை. ஒன்று அடுக்கியது என்று தெரிந்ததும், அங்கே உண்மையாகவே விடப்பட்டவற்றின் மேலும் சந்தேகம் வருகிறது. ஹிரோஷிமா நினைவு அருங்காட்சியகத்தின் துருப்பிடித்த மூன்று சக்கர வண்டியைப் பாருங்கள். 1945 ஆகஸ்ட் 6 அன்று அதை ஓட்டிக்கொண்டிருந்த, நான்கு வயது நிறையாத சிறுவன் ஷினிச்சி அன்றிரவே இறந்தான். தந்தை வண்டியையும் அவனுடன் வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார். 1985இல் தோண்டி எடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அந்த வண்டிக்கு எந்த அலங்காரமும் வேண்டியிருக்கவில்லை, யாருடையது, எங்கிருந்தது என்ற இரண்டு வரி போதுமாக இருந்தது.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். படத்தின் கீழே ஊர், பொம்மை எதனால் ஆனது, கிடந்தபடியே எடுத்ததா அடுக்கி எடுத்ததா என்ற மூன்றையும் அச்சிடுங்கள். அடுக்கி எடுத்ததும் கலைதான், அதைச் சொல்லிவிட வேண்டும். பொம்மையின் முதுகில் குழந்தையின் பெயரோ பள்ளியோ எழுதியிருந்தால் அதை மறைத்து வெளியிடுங்கள். ஏற்காட்டில் பாழடைந்த பங்களாவும் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடும் (வரிசை வீடு) யாருக்கோ சொந்தமானவை. கேட்காமல் நுழைந்து எடுத்த படத்தை ஏற்காதீர்கள். இடிக்கப்பட்ட குடியிருப்பின் இடிபாட்டில் கிடக்கும் பொம்மைக்கு உரிய குடும்பம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம், அவர்களைக் கேட்டுவிட்டு எடுப்பதே முறை.

படம் எடுத்த பிறகு பொம்மையைப் போகித் தீயில் போடாமல் இருக்கச் சொல்லுங்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சினும் என நச்சுப் பொருள்கள் வெளிவரும். பேட்டரியைத் தனியே கழற்றி மின்கழிவோடு கொடுக்கலாம். தகரத்தைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். மரப்பாச்சியைக் காய்ந்த பருத்தித் துணியில் சுற்றிப் பரணிலேயே வைத்துவிடலாம், நவராத்திரிக் கொலுவில் அதற்கு இடம் உண்டு.

இப்படிக்கு,
புகைப்படத் தொழிலில் உள்ள வாசகர்கள் சிலர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்-2