கடைசி அவுட் வரை உட்கார விடாத கார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028 ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இடம்பெறுவது குறித்த செய்திகளைப் படித்துவிட்டு, லாஸ் ஏஞ்சலஸுக்கு நேரில் வந்து பார்க்கலாம் என்று எண்ணும் வாசகர்கள் இருப்பார்கள். இந்நகரில் வசித்து, இங்குள்ள பேஸ்பால் ஆட்டங்களை விரும்பிப் பார்க்கும் ஒருவர் என்ற முறையில் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே விளையாட்டு பார்ப்பதைக் கார் ஓட்டுவதிலிருந்து பிரிக்க முடியாமல் செய்துவிட்டார்கள். ஆட்டத்தின் சுவையை அது பெருமளவு கெடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

டாட்ஜர் ஸ்டேடியத்தைப் பார்த்தால் இது புரியும். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்காக, நகரின் மையத்தை ஒட்டிய குன்றின்மேல் 1962 ஏப்ரலில் அது திறக்கப்பட்டது. 56,000 பேர் அமரும் அரங்கைச் சுற்றி 16,000 கார்கள் நிற்க இடம் ஒதுக்கினார்கள். நம் இருக்கை எந்த அடுக்கில் இருக்கிறதோ அதற்கு நேரான மட்டத்திலேயே காரை நிறுத்திவிட்டு உள்ளே நுழையலாம் என்ற அளவுக்கு, காரில் வருபவரை மட்டுமே மனத்தில் வைத்து வரையப்பட்ட திட்டம் அது. சாவேஸ் ரவீன் என்ற அந்தக் குன்றுப் பகுதியில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வசித்தன. மக்களுக்கு அரசுக் குடியிருப்பு கட்டித் தருவதாகச் சொல்லி 1950-களின் தொடக்கத்தில் அவர்களை வெளியேற்றினார்கள். பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டு நிலம் அணியின் கைக்குப் போனது. போக மறுத்து எஞ்சியிருந்தவர்களை 1959 மே மாதத்தில் காவலர்கள் வலுக்கட்டாயமாக அப்புறப்படுத்தினார்கள். வீடுகள் இருந்த அந்தக் குன்றில் இன்று பெரும்பரப்பு கார் நிறுத்துமிடமாகக் கிடப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பேஸ்பாலில் இத்தனை மணிக்குள் ஆட்டம் முடிய வேண்டும் என்ற வரையறை கிடையாது. கடைசி அவுட் விழும்வரை பின்தங்கிய அணிக்கும் வாய்ப்பு உண்டு. அந்தக் காத்திருப்பில்தான் இந்த ஆட்டத்தின் முழுச் சுவையும் அடங்கியிருக்கிறது. ஆனால் இங்கே மொத்தமுள்ள ஒன்பது இன்னிங்ஸில் ஆறாவது முடிந்ததுமே பலர் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, 110-ஆம் எண் ஃப்ரீவே என்னும் விரைவுச்சாலை நெரிசலால் சிவப்பாகிவிட்டதா என்று பார்க்கத் தொடங்குகிறார்கள். ஏழாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் வரிசை வரிசையாக எழுந்து போகிறார்கள். வெளியேறும்போது ஒரு நிமிடமாவது மிச்சமாகட்டும் என்று, வரும்போதே காரைத் திருப்பிப் பின்புறமாக நிறுத்திவிட்டு வருபவர்களும் உண்டு.

அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1988-இன் முதல் ஆட்டத்தை இதற்குச் சான்றாகச் சொல்வேன். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் விழுந்து, இன்னும் ஒன்று விழுந்தால் தோல்வி என்ற நிலையில், ஓக்லாந்து அணியிடம் 4-3 என்று டாட்ஜர்ஸ் பின்தங்கியிருந்தது. இரண்டு கால்களிலும் காயத்தோடு நடக்கவே சிரமப்பட்ட கிர்க் கிப்சன் மட்டையோடு வந்து, டென்னிஸ் எக்கர்ஸ்லி வீசிய பந்தை வலப்பக்கப் பார்வையாளர்களிடையே போய் விழும் ஹோம் ரன்னாக அடித்து, இரண்டு ஓட்டங்களைச் சேர்த்து அணியை வெல்ல வைத்தார். அந்தக் காட்சியின் ஒளிப்பதிவில், பந்து பறந்து போகும் திசையிலேயே, அரங்குக்கு வெளியே கிளம்பிப் போகும் ஒரு காரின் சிவப்பு பிரேக் விளக்குகள் எரிவதைத் தெளிவாகக் காணலாம். டாட்ஜர்ஸ் வரலாற்றின் மிகப் பெரிய அடியை, நுழைவுச்சீட்டுக்குப் பணம் கொடுத்து உள்ளே உட்கார்ந்திருந்தவர்களிலேயே சிலர் பார்க்காமலே கிளம்பிப் போயிருந்தார்கள்.

ஆட்டம் நீளமாக இருப்பதுதான் காரணம் என்று சிலர் வாதிடுகிறார்கள். 2023-இல் பிட்சர் எனப்படும் பந்து வீச்சாளர் ஒவ்வொரு பந்தையும் வீச நேர வரம்பு விதிக்கப்பட்டு, ஓர் ஆட்டத்தின் சராசரி நேரம் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. அதற்குப் பிறகும் ஏழாவது இன்னிங்ஸில் எழுந்து போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களை விரட்டுவது பார்க்கிங்கில் சிக்கிக்கொள்வோம் என்ற அச்சமே. அதே ஆண்டு, ஆட்டம் சுருங்கியதால் பீர் விற்பனை குறையும் என்று கருதிய சில அணிகள், வழக்கமாக ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்தும் விற்பனையை எட்டாவது வரை நீட்டித்தன. குடித்தவர்கள் தெளிந்து காரை எடுப்பதற்காகத்தானே அந்த இடைவெளியை வைத்தோம், அதைக் குறைக்கலாமா என்று பிலடெல்பியா அணியின் பிட்சர் மேட் ஸ்ட்ராம் வெளிப்படையாகக் கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். பல்லாயிரம் பேரைக் காரில் வரவழைத்து, பீரும் விற்று, ஒரே நேரத்தில் சாலையில் இறக்கிவிடும் இந்த ஏற்பாட்டை எந்த அணியும் இயல்பானதாகக் கருதக் கூடாது.

எல்லா ஊரிலும் இப்படி இல்லை. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டுக்கு ரயிலில் போய் இறங்கி நடந்தே உள்ளே நுழையலாம். லாஸ் ஏஞ்சலஸிலும் நகரின் முதன்மை ரயில் நிலையமான யூனியன் ஸ்டேஷனிலிருந்து அரங்குக்கு, ஆட்டச் சீட்டு வைத்திருப்பவர்களை இலவசமாக ஏற்றிச் செல்லும் பேருந்து ஓடுகிறது. சேப்பாக்கத்தில் 2023 ஐபிஎல் ஆட்டங்களுக்கு, போட்டிச் சீட்டைக் காட்டினால் மெட்ரோவில் இலவசமாகப் பயணம் செய்ய முடிந்ததே, ஏறத்தாழ அதைப் போன்ற ஏற்பாடுதான். யூனியன் ஸ்டேஷனிலிருந்து ரோப் கார் விடும் திட்டமும் சைனாடவுன் மக்களின் எதிர்ப்புக்கு நடுவே சில ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அதற்காகக் காத்திராமல், நகரின் பல முனைகளிலிருந்தும் இந்தப் பேருந்துகளை விட்டு, அவற்றுக்கென்று சாலையில் தனித் தடமும் ஒதுக்கினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

2028 ஒலிம்பிக்கின் பேஸ்பால் ஆட்டங்கள் இதே அரங்கில்தான் நடக்கவிருக்கின்றன. பார்வையாளர்களைப் பொதுப் போக்குவரத்திலேயே வரவழைக்கப் போவதாக அமைப்பாளர்கள் சொல்கிறார்கள். அதற்காகச் செய்யும் ஏற்பாடுகளை ஒலிம்பிக் முடிந்ததும் கலைத்துவிடாமல், ஒவ்வொரு பேஸ்பால் பருவத்துக்கும் நிலையாக வைக்க வேண்டும் என்று இங்குள்ள மாநகர உறுப்பினர்களிடம் எங்களைப் போன்றோர் கேட்டு வருகிறோம்.

கிரிக்கெட் ஆட்டங்கள் நகர மையத்திலிருந்து சுமார் 30 மைல் கிழக்கே, பொமோனாவின் ஃபேர்பிளெக்ஸ் மைதானத்தில் நடக்கும். வருகிறவர்கள் பலர் விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்துவிடலாம் என்று எண்ணக்கூடும். அது வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸ் மெட்ரோ ரயிலின் ஏ தடம் 2025 செப்டம்பரில் பொமோனா வரை நீட்டிக்கப்பட்டு, லா வெர்ன்-ஃபேர்பிளெக்ஸ் என்ற பெயரிலேயே ஒரு நிலையம் வந்துவிட்டது. யூனியன் ஸ்டேஷனிலோ பாசடீனாவிலோ அந்தத் தடத்தை ஒட்டி அறை எடுத்துக்கொண்டால் ரயிலிலேயே போய்த் திரும்பலாம். தாங்களும் இதைத் தங்கள் பயணப் பகுதியில் வெளியிட்டு, வாசகர்கள் அறை பதிவு செய்வதற்கு முன்பே தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
லாஸ் ஏஞ்சலஸ்.