ஞாயிறு படகுப் பயணம்: ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம்

வணக்கம். காலை 7.45க்குச் சிங்கப்பூர் மரினா சவுத் படகுத்துறையில் கூடுவோம். எம்ஆர்டி ரயில் நிலைய வாசலிலிருந்து நடக்கும் தூரம்தான். 8.15க்குப் படகு கிளம்பிவிடும், காத்திருக்காது.

1855 முதல் எரியும் இந்த விளக்கு புலாவ் சத்துமு தீவில் இருக்கிறது. மலாயில் 'ஒற்றை மரத் தீவு'. அனுமதியின்றி அங்கே இறங்க முடியாது. படகிலிருந்தே சுற்றிப் பார்ப்போம்.

"திமிங்கிலம் தெரியுமா?" என்று பலர் கேட்கிறீர்கள். தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூலையில் ஜூரோங் தீவருகே 10.6 மீட்டர் ஸ்பெர்ம் திமிங்கிலம் இறந்து ஒதுங்கியது. அதன் எலும்புக்கூடு லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கிறது. நமக்கு வாய்ப்புள்ளது இளஞ்சிவப்பு ஓங்கில்கள்தான், அதாவது டால்பின்கள் (குட்டிகள் சாம்பல் நிறம், தேடும்போது ஏமாறாதீர்கள்). கண்டால் படகோட்டி வேகத்தைக் குறைப்பார். துரத்தச் சொல்லாதீர்கள், மிரண்டு மூழ்கிவிடும். தீனியும் போடக்கூடாது.

தொலைநோக்கி 7 மடங்கு போதும். 10 மடங்கில் படகின் ஆட்டம் காட்சியைக் கலக்கிவிடும். குமட்டல் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே போடுங்கள், வாந்தி தொடங்கியபின் போட்டால் வயிற்றில் நிற்காது. தூக்கம் வரும், கார் ஓட்டி வராதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம்: இரண்டு இட்லி போதும், நெய் ரோஸ்ட் வேண்டாம். முன்பகுதிதான் அதிகம் தூக்கிப்போடும். நடுவில், பின்னால் உட்காருங்கள்.

காலையில் சுமத்ரா சூறைக்காற்று வந்தால் பயணம் ரத்து. 6.30க்கு நம் குழுவில் வரும் செய்தியைப் பாருங்கள்.