ஜூரி சம்மன் வரும் டாலஸ் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாலஸ் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். ப்ளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங், காப்பெல் என்று பரவிக் கிடக்கும் நம்மில் பலர் குடியுரிமை வாங்கி வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது தபால் பெட்டியில் ஜூரி சம்மனும் வருகிறது, அதாவது நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார அழைப்பு. வந்ததும் வாட்ஸப்பில் நாம் கேட்கும் முதல் கேள்வி, "இதுலேர்ந்து எப்படித் தப்பிக்கிறது?" நானும் கேட்டேன். வழி கிடைக்காததால் போனேன்.

பெரிய அறையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். ஒரு குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கு. வக்கீல் எழுந்து, குழந்தையின் அம்மா இன்னொரு பெண்ணோடு வாழ்கிறார், அது உங்கள் முடிவைப் பாதிக்கும் என்றால் கையைத் தூக்குங்கள் என்றார். நான் முதலில் பக்கத்தில் பார்த்தேன். யாரும் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, மதியமே வீடு திரும்பிவிட்டேன். ஆனால் பக்கத்தில் பார்த்தேனே, அதுதான் வழியெல்லாம் உறுத்தியது. கேள்வி என் மனசைப் பற்றியது. பதிலை அடுத்தவர் கையில் தேடியிருக்கிறேன்.

அந்த உறுத்தலில்தான் ஒரு பழைய தொலைக்காட்சிப் படத்தைத் தேடிப் பார்த்தேன். பெயர் 'எ க்வெஸ்டியன் ஆஃப் லவ்'. 1978 நவம்பர் 26, ஞாயிறு இரவு, ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. ஜீனா ரௌலண்ட்ஸ் லிண்டா ரே என்ற தாயாகவும், ஜேன் அலெக்ஸாண்டர் அவளுடைய துணை பார்பராவாகவும் நடித்தார்கள். இரண்டு பெண்கள் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறார்கள். முன்னாள் கணவர் இளைய மகனைக் கேட்டு வழக்குப் போடுகிறார். கதை அவ்வளவுதான். நீதிமன்றத்தில் அந்தப் பெண்ணின் அந்தரங்கத்தை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கும்போது ரௌலண்ட்ஸின் முகத்தைப் பாருங்கள். அவமானம், கோபம், பிள்ளை போய்விடுவானோ என்ற பயம் மூன்றும் அதில் மாறி மாறி வந்து போகின்றன. 2024இல் அவர் இறந்தபோது எத்தனையோ பெரிய படங்களைச் சொல்லி அஞ்சலி எழுதினார்கள். என் மனதில் நிற்பது இந்த முகம்.

காலத்தையும் நினைத்துப் பாருங்கள். தன்பாலீர்ப்புள்ளவர்களைப் பள்ளி வேலையிலிருந்து நீக்க வழி செய்யும் முன்மொழிவு ஒன்றை கலிஃபோர்னியா வாக்காளர்கள் தோற்கடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. படம் ஓடிய மறுநாள் காலை சான் ஃபிரான்சிஸ்கோவில், தன்பாலீர்ப்புள்ளவர் என்று வெளிப்படையாகச் சொல்லித் தேர்தலில் வென்ற ஹார்வி மில்க் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட வாரத்தில் இந்தக் குடும்பம் அமெரிக்க வீடுகளின் கூடத்துக்குள் வந்தது.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. பெயர்களை மாற்றி எடுத்த அந்தப் படத்தின் அடியில் இருப்பது நம் ஊர் வழக்கு. மேரி ஜோ ரிஷர் டாலஸில் நர்ஸாக இருந்தவர். ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவர், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர். ஆன் ஃபோர்மன் என்ற பெண்ணோடு சேர்ந்து வாழ்ந்தார். ஒன்பது வயது மகனை முன்னாள் கணவர் கேட்டார். மூத்த மகனே கூண்டேறி அம்மாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னான். அவனுக்குப் பதினேழு வயது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த வயதுப் பிள்ளையை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதுதான் தாங்க முடியவில்லை.

தன்பாலீர்ப்பு மனநோய் அல்ல என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973லேயே அறிவித்துவிட்டது. ஆனால் டெக்சஸ் சட்டத்தில் ஒரே பாலினத்தவரின் உடலுறவு குற்றமாகவே இருந்தது, 2003இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும் வரை. 1975 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில், ஜூரி தீர்ப்புச் சொன்னது. பிள்ளை அப்பாவிடம் போக வேண்டும். பத்துப் பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம்.

பெரும்பாலான மாநிலங்களில் இத்தகைய வழக்கை நீதிபதிதான் முடிப்பார். டெக்சஸில் பெற்றோரில் ஒருவர் ஜூரி கேட்கலாம். குழந்தை யாரோடு வசிக்க வேண்டும் என்று ஜூரி சொல்லிவிட்டால் நீதிபதி அதை மீற முடியாது. இன்றும் அப்படித்தான். அதாவது, ஐ.டி. வேலை முடித்து, பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் உங்கள் கையில், முன்பின் தெரியாத ஒரு குழந்தையின் வீடு இருக்கலாம்.

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" இதைக் கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். அந்த நாலு பேரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர்களுக்குப் பயந்து படிப்பை மாற்றினோம், காதலை விட்டோம், சகிக்க முடியாத கல்யாணங்களில் கிடந்தோம். கடல் தாண்டியும் அந்தப் பயம் கூடவே வந்திருக்கிறது. விவாகரத்தான பெண்ணுக்கு நம் வீட்டுக் கொலுவுக்கு அழைப்புப் போகிறதா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். ஜூரி பெட்டியில் உட்கார்ந்தால் அந்த நாலு பேர் நாம்தான். நாம் சொல்வதற்குத்தான் அங்கே ஒரு தாய் கையைப் பிசைந்துகொண்டு காத்திருப்பாள்.

அதனால் கேட்கிறேன். சம்மன் வந்தால் போங்கள். வக்கீல் கேள்வி கேட்டால் பக்கத்தில் பார்க்காதீர்கள். மனதில் தயக்கம் இருந்தால் மறைக்காமல் கையைத் தூக்குங்கள், அது அந்தக் குழந்தைக்கு நீங்கள் செய்யும் உதவி. தப்பிப்பதற்காக இல்லாத வெறுப்பைச் சொல்லாதீர்கள். அம்மா அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். தேர்வானால், பிள்ளைக்கு ஜுரம் வந்தால் யார் விழித்திருக்கிறார், பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுகிறார், யார் குரல் கேட்டால் அவன் அடங்குகிறான் என்று கேளுங்கள். நம் பிள்ளைகளைப் பற்றி நாம் கேட்பது இவ்வளவுதானே.

அந்த 10-2ஐ நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இங்கே சிவில் வழக்கில் பன்னிரண்டில் பத்துப் பேர் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. சரியாகப் பத்து கிடைத்தது. இன்னும் ஒரே ஒருவர் அந்த இருவர் பக்கம் உட்கார்ந்திருந்தால், அன்று அந்தப் பையனை அம்மாவிடமிருந்து பிரிக்கும் தீர்ப்பு வந்திருக்காது.

அன்புடன்,
காலின் கவுண்டியில் வசிக்கும் ஒரு தமிழ்த் தாய்