அப்பாவின் உறுதிப் பை

திருகோணமலை
16.01.2022

அன்பு மச்சான்,

உன் கடிதம் நத்தாருக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் நாள் தவறாமல் பூவும் காலை வணக்கமும் அனுப்புகிறவன், கையால் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய் என்றால் விஷயம் பாரமானது என்று உறையைப் பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. பொங்கலும் முடிந்து, இன்று ஞாயிற்றுக்கிழமை, அப்பா மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார். இதுதான் எனக்குக் கிடைக்கும் நேரம்.

கொவிட் கட்டுப்பாட்டால் அங்கே கனடாவில் முதியோர் இல்லத்துக்குள் விடாததால் நீ பனியில் யன்னலுக்கு வெளியே நின்று போனில் பேசியதையும், 'இவன் ஏன் உள்ளே வரவில்லை, கோபமா' என்று உன் அம்மா தாதியிடம் கேட்டதையும் எங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'அந்தப் பிள்ளை குளிரில் எவ்வளவு நேரம் நின்றது?' என்று மட்டும் கேட்டார். அறுபதை எட்டப்போகும் உன்னைத்தான் சொல்கிறார்.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். எண்பத்தெட்டு முடிந்துவிட்டது. உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, நினைவுதான் போய்க்கொண்டிருக்கிறது. அதுவும் ஒழுங்காகப் போகவில்லை. காலைச் சாப்பாடு பதினொரு மணிக்கே மறந்துவிடும், ஆனால் டொக்யாட்டில் தனக்கு மேலிருந்த வெள்ளைக்காரனின் சுருட்டு மணம் மறக்கவில்லை. 1957இல் பிரித்தானியக் கடற்படை போனதோடு அந்த வேலை போய், ரயில்வேயில் சேர்ந்தவர் அல்லவா? சில நாள் டொக்யாட்டுக்குப் புறப்படுவார், சில நாள் ஸ்டேஷனுக்கு. எது என்று காலையில் அவர் தேடும் சேர்ட்டை வைத்துக் கண்டுபிடிப்போம்.

நம் ஊரில் ஊரடங்கு என்றால் எந்த வருஷத்து ஊரடங்கு என்று கேட்க வேண்டும், உனக்குத் தெரியாததா. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் கடைக்கு ஓடுவதா, பார்மசிக்கு ஓடுவதா என்று நிற்க, அப்பா அறைக்குள் போய் உறுதிப் பையை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பழைய ரெக்சின் பை உனக்கு நினைவிருக்கும். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், அம்மாவின் ஒற்றைச் சங்கிலி. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கதவடியில் தொங்கியது. 'எந்தப் பக்கம் அடிபடுகிறது?' என்று கேட்டார். அடிபாடு இல்லை, நோய் என்றேன். நோய்க்கு ஏன் ஊரடங்கு என்றார். நியாயமான கேள்விதான்.

சில நாள் அவருக்கு அது 83 கலவரம். சில நாள் 90 யுத்தம். இன்னும் சில நாள் ஒன்பது வயதுப் பையனாகி 1942 ஏப்ரலுக்கே போய்விடுவார். ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று அவருடைய ஆச்சி மாட்டுவண்டியில் தம்பலகாமத்துக்குக் கூட்டிக்கொண்டு போன கதை நாம் சிறுவயதில் ஆயிரம் தடவை கேட்டது. அப்போது அது கதை. இப்போது பின்னேரம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'வண்டி கட்டியாச்சா?' என்று கேட்கிறார். கட்டியாச்சு, விடியப் போவோம் என்பேன். டாக்டர் அப்படித்தான் சொல்லித் தந்தார், எதிர்த்துப் பேச வேண்டாம் என்று. பொய் சொல்லப் பழகுவதற்கு எனக்கு ஆறு மாதம் எடுத்தது.

இந்த மாதம் 6ஆம் திகதி இங்குள்ள வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகளுக்கு ஒப்பந்தம் எழுதினார்கள். மொத்தம் 99 தாங்கி, அதில் 14 இந்தியக் கம்பெனிக்கு, 24 நம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டு பேரும் சேர்ந்த கம்பெனிக்கு. ரேடியோவில் இது போனபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, 'எரிந்த தாங்கியையும் கொடுத்துவிட்டார்களா?' என்று கேட்டார். 42 குண்டுவீச்சில் எரிந்த தாங்கியைத்தான் சொன்னார். பேரன் சிரித்தான். எனக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது. அன்றைய செய்தி ஒன்றை அவர் பிடித்துக்கொண்டு எத்தனை நாளாகிறது!

போன வருஷம் பொல்லாத வருஷம். மே மாதம் 'பயணக் கட்டுப்பாடு' என்றார்கள், ஓகஸ்டில் 'தனிமைப்படுத்தல் ஊரடங்கு' என்றார்கள், பெயர்தான் மாறியது. தடுப்பூசி போட அப்பாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். இறங்க மாட்டேன் என்றுவிட்டார். ஒரு தாதி ஓட்டோவடிக்கே வந்து சைனோபார்ம் ஊசியைப் போட்டுவிட்டுப் போனாள், அவள் நன்றாக இருக்க வேண்டும். ஓகஸ்டில் எங்கள் சின்னம்மா போய்விட்டார். பெட்டியை மூடித்தான் கொண்டு போனார்கள், நாங்கள் தெருவோரம் நின்று கும்பிட்டோம். உனக்கு அப்போதே நான் எழுதியிருக்க வேண்டும், மன்னித்துக்கொள்.

என் கந்தோரில் பக்கத்து மேசைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். அவருடைய உம்மா ஜூனில் கொவிட்டில் மௌத்தானார். கொவிட்டில் இறந்த முஸ்லிம்களையும் அடக்க விடாமல் அரசாங்கம் எரித்த காலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது, ஆனால் சொந்த ஊர் மண் கிடைக்கவில்லை. கொவிட் உடல்களை அடக்க ஒதுக்கிய ஓட்டமாவடிக்குக் கொண்டு போய் அடக்கினார்கள். திரும்பி வந்த அன்று அவர் ஒரு பைலைத் திறந்து வைத்துக்கொண்டு மத்தியானம் வரை அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மாவுக்குப் பிறகு நானும் அப்படித்தான் இருந்திருப்பேன் போல, எனக்கு முன்னால் தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

பார்த்துக்கொள்வது பற்றி நீ என்னைப் புகழ்ந்து எழுதியிருக்கிறாய். அதைத் திருத்த வேண்டும். பார்ப்பவள் என் மனைவி. மருந்து, சாப்பாடு, இரவில் மூன்று தடவை எழும்புவது, எல்லாம் அவள்தான். ஊரார் பாராட்டு மட்டும் மகன் பெயருக்கு வருகிறது. என் பங்கு குளிப்பாட்டுவது ஒன்றுதான், அதுவும் மருமகள் முன்னால் அவர் சாரத்தை அவிழ்க்க மறுத்ததால் எனக்கு வந்தது. பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, கேத்தல் தண்ணீரைக் கலந்து ஊற்றுவேன். சூடு பட்டதும், 'கன்னியாத் தண்ணீரா?' என்பார். ஓம் என்பேன். 'எத்தனையாவது கிணறு?' கன்னியா வெந்நீர் ஊற்றின் ஏழு கிணற்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாவது என்றால், 'அது சூடு கூட, அடுத்ததில் அள்ளு' என்பார். முதுகைத் தேய்க்கும்போது சில நாள் என்னைத் தன் தம்பி என்று நினைத்து, செத்துப்போன அந்தச் சித்தப்பாவிடம் பேச வேண்டியதையெல்லாம் பேசுகிறார். கடன் கணக்கு ஒன்றும் அதில் வருகிறது, அம்மாவுக்குச் சொல்லவில்லை.

இனி என் கதை. ஜூனில் எனக்கு அறுபது. சேர்ந்தபோது எழுதுவினைஞர், இப்போது முகாமைத்துவ உதவியாளர், பைல்கள் அதே பைல்கள். பன்னிரண்டு வருஷமாக ஓய்வூதியப் பிரிவில் மற்றவர்களின் கடுதாசிகளைச் சரிபார்த்தவன் நான். ஒரு தாள் குறைந்தாலும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் பைலைத் திறந்தால் 1987ஆம் ஆண்டின் நியமனக் கடிதத்தைக் காணவில்லை! அலுமாரி, பரண், மகனின் புத்தகப் பெட்டி எல்லாம் தேடியாகிவிட்டது. 90இல் ஓடியபோது போயிருக்கும் என்று கைவிட்டேன். ஒக்டோபரில் ஒரு நாள், அப்பா தூங்கியபின் அவருடைய பையைத் துப்புரவாக்கத் திறந்தேன். காணி உறுதிக்குள் மடித்து, பொலித்தீனில் சுற்றி, என் நியமனக் கடிதம். தன் கையெழுத்தில் மேலே 'மகன் வேலை' என்று எழுதியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேலாக அது அங்கேதான் இருந்திருக்கிறது, மச்சான். படப்பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திரும்ப அதே மடிப்பில் வைத்துவிட்டேன்.

அதற்குள் நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் ஓய்வு வயதை 65 ஆக்கிவிட்டார்கள். கந்தோரில் பாதிப் பேருக்குக் கொண்டாட்டம், வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பெற்ற மீதிப் பேருக்கு வயிற்றெரிச்சல். எல்லோரும் எனக்கு ஒரே புத்திதான் சொல்கிறார்கள்: இந்த விலைவாசியில் சம்பளத்தை விடாதே. தவறில்லை. 1493 ரூபாய்க்கு வாங்கிய எரிவாயு சிலிண்டர் ஒக்டோபரில் 2750க்குப் போய், பிறகு பெரிய மனது பண்ணி 75 ரூபாய் குறைத்தார்கள். அங்கங்கே அடுப்பு வெடிக்கிறது என்ற செய்தி வந்ததும் அம்மா சிலிண்டரை முற்றத்துக்குத் தள்ளிவிட்டு விறகுக்கு மாறிவிட்டார். பால்மா வந்தால் அயல் முழுக்கத் தந்தியடிக்கிறது. அப்பாவின் பாம்பர்ஸ் செலவை எழுதினால் நீ பணம் அனுப்புவாய், அதனால் எழுதவில்லை. இந்த மாதம் முதல் ஓய்வூதியக்காரருக்கும் 5000 ரூபாய் கொடுப்பனவு என்கிறார்கள், பார்ப்போம்.

இருந்தாலும் ஜூனோடு விலகுகிறேன். மனைவியிடம் சொன்னபோது, 'நீங்கள் வீட்டில் இருந்தால் எனக்கு ஒரு ஆள் கூடுதலாகப் பார்க்க வேண்டும்' என்றாள். பாதி பகிடி. அவள் ஒரு முழு இரவு நித்திரை கொண்டு இரண்டு வருஷமாகிறது, இரவை நான் எடுப்பதாகப் பேச்சு. பயமும் இருக்கிறது, மறைக்கவில்லை. காலை எட்டரைக்குப் போக ஓரிடம் இல்லாத மனிதன் எப்படி இருப்பான் என்று அப்பாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன், அவர் இன்னமும் சேர்ட் தேடுகிறார்.

ஊர்ப் புதினம் அதிகமில்லை. கோட்டை மான்கள் முதல் ஊரடங்கில் பஸ் நிலையம் வரை வந்து படுத்திருந்தன, பழகிப்போய் இப்போதும் வருகின்றன. டச்சுக் குடாக் கடற்கரையில் நாம் உட்காரும் இடத்தில் இப்போது கச்சான் விற்கிறார்கள்.

கடைசியாக அம்மாவின் விண்ணப்பம். உனக்குக் கருவாடு அனுப்ப வேண்டுமாம். பாரைக் கருவாடு, இரண்டு கிலோ, ஏற்கெனவே வாங்கி வெயிலில் மறுபடி காயவைத்துவிட்டார், வீடே மணக்கிறது. கனடாவில் விடுவார்களா, எத்தனை கிலோ வரை விடுவார்கள் என்று உடனே எழுது. பதில் வரும்வரை பூனையைக் காவல் காப்பது என் வேலை.

என்றும் உன்,
மச்சான்