ஏரிக்கரை ஐயாவுக்கும் எங்களுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

சென்னை மணலி பக்கத்துச் சடையங்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். சுவரில் ஈரம் இன்னும் காயவில்லை, ஆனாலும் இதைத் தள்ளிப்போட மனசு வரவில்லை. கொசஸ்தலையாற்று வெள்ளம் எங்கள் தெருவுக்குள் புகுந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். படகோடு வந்த காட்டுக்குப்பம் அண்ணன்கள், பொட்டலம் கட்டிய மணலி புதுநகர் அக்காக்கள், சேறு அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், முகாமில் பாட்டிகளுக்குச் சர்க்கரை மாத்திரை தேடிக் கொடுத்த நர்ஸம்மா, பேர் சொல்லாமல் பணம் அனுப்பியவர்கள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் தெரு மருமகள் ஒருத்தியின் அப்பா, பூண்டி நீர்த்தேக்கத்துக்குக் கீழே ஒரு கிராமத்தில் ஏரி மதகைப் பார்த்துக்கொள்கிறவர். அன்று ராத்திரி முழுக்க தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு கரையிலேயே நின்று மகளுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிக்கொண்டே இருந்தார். "கலங்கல் மேல ஒரு ஜாண் போவுதும்மா. வயசானவங்கள மொதல்ல மாடிக்கு ஏத்திடுங்க." கலங்கல் என்றால் ஏரி நிரம்பித் தண்ணீர் வழியும் இடம். பின்னால் மழைச் சத்தம், நடுநடுவே இருமல். அடுத்ததில் ஒரு முழம் என்றார். பூண்டியில் எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்று செய்தியில் வந்தது, சரி, அதை வைத்து எங்கள் வாசலுக்கு எப்போது வரும் என்று யாருக்குக் கணக்குப் போடத் தெரியும்? ஜாணும் முழமும் எல்லோருக்கும் புரிந்தது. அவர் குரலைக் கேட்டுத்தான் தெருவே மேலே ஏறியது. அவருடைய நெல்லும் மூழ்கிப்போனது பிறகு மகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

நன்றி சொல்லக் கூப்பிட்டால், ஐயா ஏரியைப் பற்றித்தான் பேசினார். வரத்துக் கால்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம், ஏரிக்கு வர வேண்டிய தண்ணீர் பாதி வழியிலேயே ஆற்றுக்குத் திரும்பிவிடுகிறது, வந்து சேர்வதும் தூர்ந்த ஏரியில் நிற்காமல் சீக்கிரமே வழிந்துவிடுகிறது. இரண்டும் கொசஸ்தலையாற்றுக்குத்தான். அதே ஆற்றில் இருக்கும் பூண்டியே நிரம்பினாலும் 3231 மில்லியன் கனஅடிதான் பிடிக்கும். அதற்கு மேலும் கீழும் உள்ள ஏரிகள் பிடிக்காததெல்லாம் எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் ஓடிவரும், வழியில் நாங்கள் இருக்கிறோம்.

இந்தப் பக்கம் மழைநீர் வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25.1 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. வடிகால் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஆறே நிரம்பி நிற்கும்போது வடிகால் எங்கே போய் வடியும்? மேலே ஏரிகளுக்குச் செலவு செய்தால் அந்த ஊர்க் கிணறும் ஊறும், எங்கள் வீடும் தப்பும். தென்னாப்பிரிக்காவில் தண்ணீரை உறிஞ்சும் அயல் மரங்களை வெட்ட, வேலையில்லாத ஏழை மக்களுக்கு அரசாங்கமே கூலி கொடுக்கும் திட்டம் 1995-லிருந்து நடக்கிறது. நம் சீமைக்கருவேலத்துக்கும் அப்படி ஒன்று வரவேண்டும் என்று விடாமல் மனு கொடுப்போம்.

அதுவரை சும்மா இருக்கப் போவதில்லை. நிவாரணப் பணத்தில் மிஞ்சியிருப்பதை ஐயாவின் ஏரி வரத்துக் கால்வாய்க்குக் கொடுப்பது என்று தெருவில் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்கிறோம். பணம் அனுப்பியவர்களில் யாருக்காவது இதில் சம்மதம் இல்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள், உங்கள் பங்கைத் திருப்பித் தந்துவிடுகிறோம். ஊராட்சியிடமும் நீர்வளத்துறையிடமும் அனுமதி கேட்டு எழுதியாகிவிட்டது. ஐயா, அறுவடை முடிந்து தண்ணீர் வற்றட்டும், வெட்டுக்கத்தியும் கடப்பாரையுமாக நாங்களே வருகிறோம். படகு அண்ணன்களும் வருகிறார்களாம்.